படம் ஒன்று சொல்கிறது, தரை ஒன்று சொல்கிறது: மொஹாவி மாட்டு நிலத்தில் பழைய தலப்படத்தோடு நடப்பவர்களுக்கு

கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டி, லான்ஃபேர் பள்ளத்தாக்கு இருக்கிறது. பள்ளத்தாக்கு என்று பெயர் இருந்தாலும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. வடக்கே நியூயார்க் மலைகள், தெற்கே ஹேக்பெரி மலை, நடுவில் கண்ணுக்கெட்டும் வரை ஜோஷுவா மரங்களும் முட்புதர்களும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே மாடு மேய்ந்தது. 1994-இல் இயற்றப்பட்ட கலிபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டத்தால் இப்பகுதி, சுமார் 16 லட்சம் ஏக்கர் பரப்புள்ள மொஹாவி தேசியப் பாதுகாப்பகத்துக்குள் வந்தது. அதற்குப் பின் மேய்ச்சல் உரிமங்களில் பெரும்பாலானவை உரிமையாளர்களின் சம்மதத்தோடு விலைக்கு வாங்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டன. மாடுகள் போய்விட்டன. மாடுகளுக்காக மனிதர்கள் போட்ட பாதைகளும் கிணறுகளும் பட்டிகளும் பாதி அழிந்தும் பாதி நிலைத்தும் கிடக்கின்றன.

அவற்றைத் தேடிப் போக அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் பழைய தலப்படங்களைவிட, அதாவது மலை, ஓடை, சாலை, கிணறு எல்லாவற்றையும் சம உயரக் கோடுகளோடு காட்டும் படங்களைவிட, நல்ல துணை கிடையாது. அத்துறையின் இணையதளத்திலேயே வருடி வைத்த பிரதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல குளிர்காலங்களாக நான் 1950-களின் 15 நிமிடப் படங்களையும் 1980-களின் ஏழரை நிமிடப் படங்களையும் சேர்த்தே கொண்டுபோகிறேன். ஒரு தாளில் அடங்கும் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுதான் அந்த நிமிடம்; ஒரு பாகைக்கு 60 நிமிடம். படமும் தரையும் முரண்படும் இடங்களில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அந்த முரண்பாடுகளை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்தே தொடங்கி எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் படத்தின் ஓரத்தைப் படியுங்கள். அங்கே நான்கு செய்திகள் இருக்கும்: வான்படம் எடுத்த ஆண்டு, தரையில் சரிபார்த்த ஆண்டு, அளவை (தரையின் தூரம் படத்தில் எத்தனை மடங்கு சுருங்கியிருக்கிறது என்ற எண்), சம உயரக் கோடுகளின் இடைவெளி. அச்சிட்ட ஆண்டு இவற்றிலிருந்து வேறு. 1970-களில் அச்சான தாளுக்குள் 1950-களின் நிலம் இருக்கலாம். பல நேரம் தவறு படத்தில் இருப்பதில்லை. அது எந்த நாளைப் பற்றிப் பேசுகிறது என்பதை நாம் கேட்காமல் விட்டிருப்போம்.

அறிகுறி: கைப்பேசி காட்டும் இடத்துக்குப் போனால் பொருள் அங்கே இல்லை, சற்றுத் தள்ளி இருக்கிறது

படத்தில் ஒரு கிணற்றின் ஆயத்தொலைவுகளை அளந்து, ஜிபிஎஸ் கருவியில் பதிந்து, நடந்து போகிறீர்கள். வெறும் புதர். சுற்றிப் பார்த்தால் வடமேற்கே சற்றுத் தொலைவில் கிணற்றின் சிமென்ட் மேடை தெரிகிறது.

இது டேட்டம் வேறுபாடு. பூமியின் வடிவத்தைக் கணிதத்தில் எப்படி வைத்துக்கொள்வது, அதன் மேல் அளவைகளை எங்கிருந்து தொடங்குவது என்ற ஏற்பாட்டுக்குத்தான் டேட்டம் என்று பெயர். பழைய அமெரிக்கத் தலப்படங்கள் 1927-ஆம் ஆண்டின் வட அமெரிக்க டேட்டத்தில் வரையப்பட்டவை. அதன் தொடக்கப் புள்ளி கான்சஸ் மாநிலத்தில் மீட்ஸ் ரான்ச் என்ற இடத்தில், ஒரு மேய்ச்சல் நிலத்தில் பதித்த அளவைக் குறி. ஒரு கண்டம் முழுவதையும் அளந்த கயிற்றின் முளை மாட்டு நிலத்தில் அடிக்கப்பட்டிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. இன்றைய ஜிபிஎஸ் கருவிகள் பூமியின் மையத்தை அடிப்படையாகக் கொண்ட வேறு ஏற்பாட்டில் இயங்குகின்றன. ஒரே எண் இரண்டு ஏற்பாடுகளில் இரண்டு வெவ்வேறு இடங்களைக் குறிக்கும்.

இந்தப் பகுதியில் அந்த விலகல் எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அட்சரேகை, தீர்க்கரேகையாக அளந்து பதிந்தால் உண்மையான இடத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். மீட்டர் கட்டங்களால் ஆன யுடிஎம் எண்களைப் பதிந்தால் அதோடு தெற்கே ஏறத்தாழ 200 மீட்டரும் விலகும். ஜோஷுவா மரங்களுக்கு நடுவே 200 மீட்டர் என்பது ஒரு கிணற்றைக் காணாமல் திரும்பிப் போகப் போதுமான தூரம்.

சரிசெய்வது எளிது. கருவியின் அமைப்பில் டேட்டத்தை 1927-க்கு மாற்றிவிட்டு எண்களைப் பதியுங்கள். பிறகு மறக்காமல் பழையபடி வையுங்கள். மறந்தால் அடுத்த பயணத்தில் அதே பிழை எதிர்த்திசையில் வரும். துறையின் தளத்தில் கிடைக்கும் புவிக்குறியிட்ட கோப்பை அதைப் புரிந்துகொள்ளும் செயலியில் திறந்தால் இந்த மாற்றத்தைச் செயலியே செய்துவிடும். திரையில் தெரிவதைப் படமாகப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அதில் இடக்குறிப்பு எதுவும் மிஞ்சாது.

டேட்டம்தான் காரணம் என்று உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. ஐயமில்லாத மூன்று இடங்களில் விலகலை அளந்து பாருங்கள். மூன்றிலும் ஒரே திசை, ஒரே தூரம் என்றால் டேட்டம். தூரம் போகப் போக விலகல் வளர்ந்தால் திசைகாட்டியையோ, படத்தைச் செயலியில் பொருத்திய விதத்தையோ சந்தேகியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி விலகினால், உங்கள் கையில் இருப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1:250,000 அளவையில் விரைவாக வரைந்த முன்னோட்டப் படமாக இருக்கலாம். அதில் மலையின் போக்கை நம்பலாம். கிணற்றின் இடத்தை நம்பக் கூடாது.

அறிகுறி: திசைகாட்டியைப் பார்த்து நேராக நடந்தும் பக்கவாட்டில் விலகுகிறேன்

படத்தின் அடியில் காந்த வடக்கைக் காட்டும் சிறு அம்பும் அதன் பாகையும் இருக்கும். 1950-களின் படங்களில் அது இப்பகுதிக்குக் கிழக்கே சுமார் 15 பாகை. இன்று சுமார் 11. பூமியின் காந்தம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அச்சிட்ட எண் காலாவதியாகிவிட்டது. நான்கு பாகைப் பிழையோடு ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 70 மீட்டர் விலகுவீர்கள். ஐந்து கிலோமீட்டரில் 350 மீட்டர். புறப்படும் முன் அந்த ஆண்டுக்கான எண்ணைப் பார்த்துப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். கிணற்று நீரை இறைக்கும் காற்றாலையின் இரும்புக் கோபுரத்துக்கு அடியிலோ வண்டியின் மேல் சாய்ந்தோ திசைகாட்டியைப் படிக்காதீர்கள்.

அறிகுறி: படத்தில் சாலை இருக்கிறது, தரையில் இல்லை

மிகுதியாக வரும் சிக்கல் இது. இதற்கு ஒரே காரணம் இல்லை என்பதால் வரிசையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஓடையைச் சந்தேகியுங்கள். இங்குள்ள ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். கோடைக்கால இடிமழையில் மட்டும் சில மணி நேரம் ஓடும். ஓடும்போது குறுக்கே இருக்கும் எதையும் விடாது. பாதை ஓடையில் இறங்கும் இடத்தில் மறைந்துவிட்டதென்றால் அங்கேயே சுற்றாதீர்கள். ஓடையைக் குறுக்காகக் கடந்து, எதிர்க்கரையில் மேலும் கீழுமாக இருநூறு அடி நடந்து பாருங்கள். பாதை ஏறுவதற்காகக் கரையை வெட்டிய சரிவு பெரும்பாலும் அங்கே இருக்கும். அது வட்டமாகத் தேய்ந்திருந்தாலும், இயற்கையான கரையில் வராத ஒழுங்கு அதற்கு இருக்கும்.

ஓடை காரணமில்லை என்றால் மாலை வெயிலுக்காகக் காத்திருங்கள். இது நான் தயங்காமல் சொல்லும் ஒரே மந்திரம். நடுப்பகலில் தட்டையாகத் தெரியும் நிலத்தில், சூரியன் சாய்ந்ததும் இரண்டு இணையான நிழல்கோடுகள் எழுந்து வரும். பழைய சக்கரத் தடங்கள் மண்ணை இறுக்கியிருக்கும். மழைநீர் அங்கே ஊறாமல் ஓரத்துக்கு வழிவதால் தடத்தின் இரு பக்கமும் புதர்கள் சற்று உயரமாக, அடர்த்தியாக வளர்ந்திருக்கும். தடத்துக்குள் இருப்பவை ஒரே வயதுடைய சின்னச் செடிகள். பாலைவனத்தில் தாவரம் மீண்டும் வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் நம்மால் நூறாண்டுப் பாதையையும் படிக்க முடிகிறது. அதே காரணத்தால் நாம் இன்று தவறாகப் பதிக்கும் ஒரு சக்கரத் தடமும் அவ்வளவு காலம் நிற்கும்.

மூன்றாவது, சாலை இருக்கிறது, ஆனால் வண்டி போகக் கூடாது என்று ஒரு கம்பம் நிற்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பகத்தின் ஏறத்தாழ பாதியை வண்டிகள் நுழையாத காட்டுநிலமாக அறிவித்தது. அதற்கு முன் வரைந்த எந்தப் படத்திலும் அந்த எல்லை இருக்காது. பழைய படத்தைக் காட்டி ‘இது சாலைதானே’ என்று வாதிட முடியாது. வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போகலாம், அதற்குத் தடையில்லை. அப்படி நடந்த பாதைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. திரும்பி வந்து வண்டியைக் கிளப்பும் முன் சக்கரங்களுக்கு அடியில் குனிந்து பாருங்கள். பாலைவன ஆமைகள் வண்டி நிழலில் வந்து படுத்துக்கொள்ளும். 1990 முதல் அவை அழியும் அபாயத்தில் உள்ள இனமாகச் சட்டப்படி பாதுகாக்கப்படுகின்றன.

நான்காவது, அது சாலையே இல்லாமல் இருந்திருக்கலாம். வளைவுகள் மிக மென்மையாக, ஏற்றம் சீராக, தாழ்ந்த இடங்களில் கரை எழுப்பி, மேடான இடங்களில் வெட்டிச் செல்லும் கோடு ரயில்பாதையின் தடம். 1893-இல் கோஃப்ஸிலிருந்து வடக்கே மேன்வெல் வரை நெவாடா சதர்ன் ரயில்வே போட்ட பாதை இந்தப் பள்ளத்தாக்கின் நடுவே போனது. 1920-களில் வெள்ளம் அரித்ததோடு அந்தப் பாதை கைவிடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுவிட்டன. மண்கரை இன்றும் கிடக்கிறது. மாட்டுவண்டிப் பாதை மேட்டில் நேராக ஏறும், பள்ளத்தில் நேராக இறங்கும். ரயில் அப்படி ஏறாது. இந்த வித்தியாசத்தைக் காலால் உணர்ந்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

கடைசியாக, கோட்டின் நிறம். தலப்படத்தில் ஊதா நிறத்தில் இருப்பவை பின்னாளில் வான்படத்தை மட்டும் பார்த்துச் சேர்த்தவை. யாரும் தரையில் போய்ச் சரிபார்க்கவில்லை. வானிலிருந்து பார்த்தால் தண்ணீர்க் குழாய் பதித்த தடமும் சாலை போலவே தெரியும்.

அறிகுறி: தரையில் சாலைகள் அதிகம், படத்தில் ஒன்றுதான்

கிளைபிரியும் இடத்தில் எது பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்துத் திரும்பாதீர்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து எத்தனை மைல் வந்திருக்கிறீர்கள் என்பதை வண்டியின் தூரமானியில் பாருங்கள். படத்திலும் அளந்து பாருங்கள். 1:62,500 அளவையில் ஒரு அங்குலம் ஏறத்தாழ ஒரு மைல். அதனால் கட்டைவிரலின் மேல் கணுவே போதுமான அளவுகோல். ஒவ்வொரு சந்திப்பிலும் தூரமானி எண்ணை எழுதிவைக்கும் பழக்கம் வேறு எந்தக் கருவியைவிடவும் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

அறிகுறி: படத்தில் கிணறு, ஊற்று, காற்றாலை, போனால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை

இங்கே நின்று நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பிழை உயிரை எடுக்கும்.

நீலச் சிறு வட்டம் கிணறு. வால் முளைத்த நீல வட்டம் ஊற்று. நீலத்தில் கோடும் புள்ளிகளுமாகப் போவது எப்போதாவது ஓடும் ஓடை. காற்றாலைக்கும் தொட்டிக்கும் தனி அடையாளங்களும் எழுத்துகளும் உண்டு. இவை எல்லாம் சொல்வது ஒன்றுதான்: படம் சரிபார்க்கப்பட்ட ஆண்டில் இங்கே ஒரு அமைப்பு இருந்தது. காற்றாலை என்பது ஒரு எந்திரம். தோல் வளையம் தேய்ந்தால் மாற்ற, பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி கொடுத்தது மாடு. மாடு போனபின் ஆள் இல்லை. ஆள் இல்லாமல் தண்ணீர் மேலே வராது. மேய்ச்சல் முடிந்தபின் பல இடங்களில் குழாய்களும் தொட்டிகளும் பயன்பாட்டிலிருந்து போயின.

‘டேங்க்’ என்று எழுதியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்கத் தென்மேற்கில் இந்தச் சொல் இரும்புத் தொட்டியையும் குறிக்கும், மாட்டுக்காக மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கிய குட்டையையும் குறிக்கும், பாறைக் குழியில் இயற்கையாகத் தேங்கும் நீரையும் குறிக்கும். நம் ஊர் ஏரிகளையும் குளங்களையும் பழைய ஆங்கில ஆவணங்கள் இதே சொல்லால்தான் எழுதின. ஆகவே தமிழர்களுக்கு இது எளிதில் பிடிபடும். எது என்று அறியச் சம உயரக் கோடுகளைப் பாருங்கள். ஓடையின் குறுக்கே சிறு கரை போட்டாற்போல் இருந்தால் மண்குட்டை. மழை பெய்து சில வாரங்களுக்குள் போனால்தான் ஈரம் இருக்கும்.

தீர்வு என்று நான் சொல்வது மிகக் கண்டிப்பானது: படத்தில் உள்ள நீலத்தை எதற்கும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீரை நீங்களே சுமந்து போங்கள்; ஒரு நாள் பயணத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். பாதுகாப்பகத்துக்குள் பெட்ரோல் நிலையமும் கிடையாது. கிடைக்கும் ஊற்றுநீரும் காட்டு விலங்குகளுடையது. அதன் அருகில் கூடாரம் அடித்தால் ஆள் வாடைக்குப் பயந்து அவை இரவெல்லாம் தாகத்தோடு ஒதுங்கி நிற்கும்.

தண்ணீர் இல்லாவிட்டாலும் அந்த நீல வட்டம் வீணில்லை. மாட்டு நிலத்தில் எல்லாக் கோடுகளும் தண்ணீரை நோக்கியே போகின்றன என்பதை ஒரு முறை கண்டுகொண்டால் படம் முழுவதும் வேறு விதமாகத் தெரியத் தொடங்கும். மாடு தண்ணீரை விட்டு ஓரிரு மைலுக்கு அப்பால் மேயப் பிரியப்படாது. அதனால் பண்ணைக்காரர்கள் கிணறுகளை அந்த இடைவெளியில் பரப்பினார்கள். கிணற்றுக்குப் பாதை, பாதை முடிவில் பட்டி, பட்டியிலிருந்து அடுத்த கிணற்றுக்கு இன்னொரு பாதை. படத்தில் காரணமில்லாமல் திரும்புவதாகத் தோன்றும் சாலைக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு கிணறு. மாட்டுத் தடங்களும் அப்படியே. தண்ணீரை நெருங்க நெருங்க அவை ஒன்றோடொன்று சேரும். இரண்டு தடங்கள் சேர்ந்து ஒன்றாகும் முனை தண்ணீர் இருந்த திசையைக் காட்டும். மாடு போய் இத்தனை ஆண்டுகள் ஆனபின்னும் சில சரிவுகளில் அந்தத் தடங்கள் தெரிகின்றன. முனைகளைத் தொடர்ந்து போய், படத்தில் இல்லாத ஒரு சாய்ந்த தொட்டியை நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். அன்று முழுக்கப் பேசவே தோன்றவில்லை.

தண்ணீர் இங்கே எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு கவர்ன்மென்ட் ஹோல்ஸ் என்ற இடமே சாட்சி. மொஹாவி சாலை என்ற பழைய வண்டிப் பாதையில், ராக் ஸ்பிரிங் என்ற ஊற்றுக்கு மேற்கே உள்ள கிணற்றடி அது. 1925-இல் அங்கே கால்நடை நிறுவனத்தின் ஆள் ஒருவரும் குடியேறியவர் ஒருவரும் ஒருவரை ஒருவர் சுட்டு, இருவரும் இறந்தார்கள். நிறுவனத்துக்கும் குடியேறிகளுக்கும் ஆண்டுக்கணக்கில் இருந்த பகையின் முடிவு அது. பழைய படத்தில் அந்த இடம் ஒரு பெயரும் சிறு அடையாளமும் மட்டும்தான்.

அறிகுறி: படத்தில் ஊர்ப் பெயர் இருக்கிறது, தரையில் ஒரு சுவர்கூட இல்லை

லான்ஃபேர் அப்படிப்பட்ட ஊர். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மழை ஓரளவு நன்றாகப் பெய்தது. மானாவாரியாகக் கோதுமை விளையும் என்று நம்பி, அரசு கொடுத்த நிலத்தில் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களில் கறுப்பினக் குடும்பங்களும் இருந்தன. டன்பார் என்ற அவர்களுடைய குடியிருப்பு அருகிலேயே எழுந்தது. பள்ளிகள் வந்தன, அஞ்சலகம் வந்தது. மழை பொய்த்தது, கிணறு ஆழமாக வெட்ட வேண்டியிருந்தது, ரயிலும் நின்றது. பலகையால் கட்டிய வீடுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் சுவர் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தைத் தேடப் பெயரை விட்டுவிட்டுச் சிவப்புக் கட்டங்களைப் பிடியுங்கள். நிலத்தை ஆறு மைல் சதுரமான டவுன்ஷிப்புகளாகவும், ஒவ்வொன்றையும் ஒரு மைல் சதுரமான 36 செக்‌ஷன்களாகவும் பிரித்திருந்தார்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் 1-இல் தொடங்கி மேற்கே 6 வரை போய், ஒரு படி தெற்கே இறங்கி 7 முதல் 12 வரை கிழக்கே திரும்பும். ஏர் உழுகிறவர் வரப்போரம் மாட்டைத் திருப்பி அடுத்த சால் ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை மறக்காது. இங்குள்ள கட்டங்கள் எல்லாம் 1852-இல் சான் பெர்னார்டினோ மலையில் நிறுவிய தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணப்பட்டவை.

1862-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது: ஒரு செக்‌ஷனில் கால் பங்கு. 1909-ஆம் ஆண்டுச் சட்டம் வறண்ட நிலங்களில் அதை 320 ஆக்கியது. 1916-ஆம் ஆண்டுச் சட்டம் மேய்ச்சல் நிலத்துக்கு 640 கொடுத்தது. ஆகவே ஒரு குடும்பத்தின் நிலம் செக்‌ஷனின் கால், அரை, முழு என்ற எல்லைகளுக்குள்தான் இருக்கும். நிலப் பட்டாக்களின் பதிவுகளும் அளவையாளர்கள் வரைந்த டவுன்ஷிப் வரைபடங்களும் அமெரிக்க நில நிர்வாகத் துறையின் தளத்தில் திறந்தே இருக்கின்றன. தலப்படத்தைவிடப் பழைய பாதைகளையும் வேலிகளையும் சில வீடுகளையும்கூட அந்த வரைபடங்களில் பார்க்கலாம். தலப்படம், டவுன்ஷிப் வரைபடம், பட்டா மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பாருங்கள். ஒரு மாலை முழுவதையும் அதற்குக் கொடுக்கலாம்.

தரையில் செக்‌ஷன் மூலைகளில் குழாயின் மேல் பொருத்திய பித்தளை மூடி இருக்கும். டவுன்ஷிப், செக்‌ஷன் எண்களும் ஆண்டும் அதில் குத்தியிருக்கும். அதைக் கண்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதில் எந்த ஐயமும் மிஞ்சாது. அதைத் தொட்டு அசைக்காதீர்கள். எடுப்பது சட்டப்படி குற்றம். படத்தில் சிவப்புக் கோடு விட்டுவிட்டுப் போனால் அந்த எல்லை தோராயமானது என்று பொருள். அங்கே மூடியைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மூலையிலிருந்து வீட்டு இடத்துக்குப் போனதும் கண்ணைத் தரையில் வையுங்கள். வரிசையாக அடுக்கிய கற்கள், பாலைவனத்தில் தானாக முளைக்காத ஒரு மரத்தின் கட்டை, வெயிலில் ஊதா நிறமாகிப்போன கண்ணாடித் துண்டு, ஈயம் வைத்து ஒட்டிய தகர டப்பா. இவை இருந்தால் அது வீடு. பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பொருளைவிட அது கிடக்கும் இடம் அதிகம் சொல்லும். இடத்தை விட்டு எடுத்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. குடியேறியவர்கள் பெற்ற நிலங்களில் பல இன்றும் தனியார் சொத்து. பாதுகாப்பகத்துக்குள்ளேயே தீவுகளைப் போல அவை இருக்கின்றன. பழைய தலப்படத்தில் அந்த எல்லை தெரியாது. புதிய நில உரிமைப் படத்தை மேலே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அறிகுறி: ஒரே இடத்துக்கு இரண்டு படங்களில் இரண்டு பெயர்கள்

மேன்வெல் பின்னாளில் பார்ன்வெல் ஆனது. கோஃப்ஸ் சில காலம் பிளேக் என்று அழைக்கப்பட்டது. பெயரை வைத்துத் தேடினால் இரண்டு ஊர்கள் இருந்ததாக நினைத்துவிடுவீர்கள். இடத்தை வைத்துத் தேடினால் ஒன்றுதான். மனிதர்களின் பெயர்களும் கதைகளும் வேண்டுமென்றால் கோஃப்ஸில் 1914-இல் கட்டிய பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போங்கள். அது இன்று அருங்காட்சியகம். இப்பகுதியின் வரலாற்றை எழுதிய டென்னிஸ் கேஸ்பியர் பல பத்தாண்டுகளாகச் சேகரித்த, பழைய குடியேறிகளின் வாய்மொழி நினைவுகளும் புகைப்படங்களும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. படத்தில் கறுப்புச் சதுரமாக இருக்கும் வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒரு புகைப்படத்தில் பார்த்துவிட்டு அந்த இடத்துக்குப் போவது வேறு அனுபவம்.

அறிகுறி: ஏற்றம் படத்தில் சொன்னதைவிடக் கடுமையாக இருக்கிறது

சம உயரக் கோடுகளின் இடைவெளியைப் படத்துக்குப் படம் பார்க்க வேண்டும். ஒரு தாளில் 40 அடி, இன்னொன்றில் 80 அடி. 1980-களில் வந்த சில படங்களில் அளவு மீட்டரில். பக்கத்துத் தாளுக்குள் நுழைந்ததும் மலை திடீரென்று மென்மையானதாகத் தோன்றினால் மாறியது மலை இல்லை, இடைவெளி. 80 அடி இடைவெளியில் 70 அடிப் பாறைச் சுவர் ஒன்று கோடே இல்லாமல் ஒளிந்திருக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: வழியில் வேலியும் கதவும்

பழைய தலப்படங்கள் மேய்ச்சல் வேலிகளைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள். கதவுக்குப் பதில் தரையில் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருந்தால் அது மாடு தாண்டாமலிருக்க அமைத்தது. வண்டி மெதுவாகப் போகலாம்.

அறிகுறி: படத்தில் பச்சை, தரையில் கரிந்த கட்டைகள்

பச்சை நிறம் மரங்கள் உள்ள இடம். நியூயார்க் மலைகளின் சரிவுகளில் பின்யன் பைன், ஜூனிபர் மரங்களுக்காக அந்தப் பச்சை தீட்டப்பட்டது. 2023 ஜூலையில் தொடங்கிய யார்க் தீ, அந்த மலைகளிலும் நெவாடா எல்லைக்கு அப்பாலும் சுமார் 93,000 ஏக்கரை எரித்தது. அதற்கு முன் 2020 ஆகஸ்டில் சீமா குன்றுப் பகுதியில் டோம் தீ சுமார் 43,000 ஏக்கரை எரித்தது. அதில் அழிந்த ஜோஷுவா மரங்கள் ஏறத்தாழ 13 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். நிழலை நம்பி மதிய ஓய்வுக்கு இடம் குறிக்கிறீர்கள் என்றால் அண்மைய செயற்கைக்கோள் படத்தை ஒரு முறை பாருங்கள். எரிந்த சரிவுகளில் மழைநீர் முன்னைவிட வேகமாக இறங்கும். அவற்றுக்குக் கீழுள்ள ஓடையில் வண்டியை நிறுத்தாதீர்கள். எரிந்த நிலத்தில் பழைய பாதைகளும் கற்சுவர்களும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகின்றன. அதைப் பார்த்து மகிழ என்னால் முடியவில்லை.

அறிகுறி: எதுவுமே ஒத்துப்போகவில்லை

நில்லுங்கள். படம் சொல்வதைத் தரைக்கேற்ப வளைக்காதீர்கள். அப்படி வளைக்கத் தொடங்கினால் எந்தக் குன்றையும் படத்தில் உள்ள ஏதோ ஒரு குன்றாக ஆக்கிவிடலாம். கடைசியாக ஐயமில்லாமல் தெரிந்த இடத்துக்கு, வந்த வழியே திரும்புங்கள். அங்கிருந்து பெரிய மலைகள் இரண்டின் திசையைத் திசைகாட்டியில் எடுத்து, அந்த ஆண்டுக்கான விலக்கத்தைச் சேர்த்துப் படத்தில் இரண்டு கோடுகள் வரையுங்கள். கோடுகள் வெட்டும் இடத்துக்கும் நீங்கள் நினைத்த இடத்துக்கும் உள்ள தூரத்தைத் தேதியோடு ஓரத்தில் எழுதுங்கள். பொழுது சாய இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் அந்தக் கணக்கை வண்டிக்குத் திரும்பியபின் செய்யுங்கள்.